காரைச் சுமக்கும் வண்டி: நாலு பட்டையில் நிற்கும் உயிர்கள்!

மனிதன் காரில் ஏறிப் போவான். இது எல்லோருக்கும் தெரியும்.

காரே ஏறிப் போகும் வண்டியும் உண்டு!

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் சாலையில், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போகிறவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். ரயில் பெட்டிபோல நீளமான வண்டி. உள்ளே இரண்டு அடுக்கு. மேல் அடுக்கில் கார்கள். கீழ் அடுக்கிலும் கார்கள். எல்லாம் புத்தம் புதியவை.

பஸ்சில் போகும் குழந்தைகள் அந்த வண்டியைக் கண்டதும் எண்ணத் தொடங்கிவிடுவார்கள். "ஒன்று, இரண்டு, மூன்று..." ஏழு, எட்டு கார்கள்கூட இருக்கும். பெரியவர்களும் மனதுக்குள் எண்ணுவது உண்டு.

ஆனால் யாரும் எண்ணாத பொருள் ஒன்று அந்த வண்டியில் இருக்கிறது.

ஒவ்வொரு காரின் சக்கரத்தையும் இழுத்துப் பிடித்திருக்கும் பட்டை!

அகலம் இரண்டு அங்குலம்தான். அது ஒழுங்காக இருந்தால் கார் ஊர் போய்ச் சேரும். அது அறுந்தால்? பின்னால் மோட்டார் சைக்கிளில் குடும்பத்தோடு வருகிறவரின் கதி என்ன?

அந்தப் பட்டையின் கதைதான் இது.

காருக்குச் சக்கரம் இல்லையா?

"காருக்குத்தான் நாலு சக்கரம் இருக்கிறதே! ஓட்டிக்கொண்டு போனால் என்ன? அதைச் சுமந்துகொண்டு போக இன்னொரு வண்டியா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கிறது. 1998-ல் சான்ட்ரோ கார் அங்கிருந்துதான் முதலில் வெளிவந்தது. அங்கே செய்த காரை டெல்லியில் ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இடையிலுள்ள தூரம் ஏறத்தாழ 2,200 கிலோ மீட்டர். ஓட்டிப் போனால், வாங்குகிறவர் கைக்குச் சேரும்போது அது பழைய கார்! டயர் தேய்ந்திருக்கும். பெயிண்டில் கல் பட்டிருக்கும். எட்டு காருக்கு எட்டு டிரைவர் வேண்டும். எட்டு பேரும் திரும்பி வர வேண்டும்.

ஒரே வண்டியில் எட்டையும் ஏற்றினால் இத்தனை தொல்லையும் இல்லை. தூரத்து ஊர்களுக்கு ரயிலிலும் ஏற்றுகிறார்கள். காஞ்சிபுரம் அருகேயுள்ள வாலாஜாபாத் ரயில் நிலையத்தில் கார்கள் வரிசையாக ரயில் பெட்டிக்குள் ஏறிப் போகும்.

முதல் யோசனை யாருக்கு?

இந்த யோசனை 100 ஆண்டுக்கும் மேல் பழையது.

அமெரிக்காவில் கிளீவ்லாந்து என்ற நகரம். அங்கே அலெக்சாண்டர் விண்டன் என்பவர் இருந்தார். ஸ்காட்லாந்தில் பிறந்தவர். முதலில் சைக்கிள் செய்தார். பிறகு கார் செய்தார். 1898-ஆம் ஆண்டில் அவர் 22 கார்கள் விற்றார். முதல் காரை வாங்கியவர் பென்சில்வேனியா மாநிலத்துக்காரர்.

வெளியூர்க்காரர்களும் கார் கேட்டார்கள். அந்தக் காலத்துச் சாலையோ குண்டும் குழியுமானது. ஓட்டிக்கொண்டு போனால், போய்ச் சேருவதற்குள் புதுக் கார் நொந்துவிடும். விண்டன் ஒரு மேடை வண்டி செய்தார். அதை இன்னொரு மோட்டாரின் பின்னால் மாட்டினார். புதுக் காரை மேடைமீது ஏற்றினார். கார் சுமக்கும் வண்டி பிறந்தது இப்படித்தான்!

இன்று பெரிய லாரியில்தான் கார் போகிறது என்றில்லை. ஒரே ஒரு காரை ஏற்றும் சிறிய டிரெய்லர்கள் உண்டு. ஒரு ஜீப்பின் பின்னால் மாட்டி இழுத்துப் போகலாம். பழுதான காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகும் தட்டை மேடை லாரியும் உண்டு. வண்டி எதுவானாலும், கட்டும் விதி ஒன்றுதான்.

பஸ்சில் நிற்கும் பயணி!

கட்டாமல் விட்டால் என்ன ஆகும்?

கூட்டமான பஸ். நீங்கள் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறீர்கள். ஒரு மாடு குறுக்கே வருகிறது. டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார். பஸ் நின்றுவிடுகிறது. நீங்கள் நிற்கவில்லை! முன்னால் இருப்பவர்மீது போய் விழுகிறீர்கள். வளைவில் பஸ் திரும்பும்போது பக்கத்தில் சாய்கிறீர்கள். சட்டென்று புறப்படும்போது பின்னால் தள்ளாடுகிறீர்கள்.

டிரெய்லரில் நிற்கும் காரும் அந்தப் பயணியைப் போலத்தான். ஒரே வித்தியாசம், அதன் எடை 1,000 கிலோ! கம்பியைப் பிடிக்க அதற்குக் கை இல்லை. நாம்தான் கை கொடுக்க வேண்டும். அந்தக் கைகள்தான் பட்டைகள்.

எவ்வளவு பலமான கை வேண்டும்? அமெரிக்கச் சரக்குப் போக்குவரத்து விதிகளில் இதற்குக் கணக்கு இருக்கிறது. பிரேக் போடும்போது சரக்கின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசை அதை முன்னால் தள்ளும் என்று கொள்ள வேண்டும். பின்பக்கமும், இரு பக்கவாட்டிலும் பாதிப் பங்கு என்று கொள்ள வேண்டும்.

அதாவது, 1,000 கிலோ எடையுள்ள காரை 800 கிலோ பாரம் முன்னால் இழுப்பதுபோல! அதைத் தாங்கினால்தான் கட்டு கட்டாகும்.

அவிழ்ந்த கார் எதிலாவது மோதினால் எப்படி இருக்கும்? 80 கிலோ மீட்டர் வேகத்தில் மோதுவது, சுமார் 25 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். எட்டு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு காரைத் தள்ளினால் எப்படியோ, அப்படி!

ஹேண்ட் பிரேக் போதாதா?

"ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறேன். கியரிலும் நிறுத்தியிருக்கிறேன். பிறகு எதற்குப் பட்டை?"

இப்படிக் கேட்டவர்கள் பலர்.

ஹேண்ட் பிரேக் சக்கரம் உருளாமல் பிடிக்கும். அவ்வளவுதான். உருளாத சக்கரமும் வழுக்கும். டிரெய்லரின் இரும்புத் தரையில் மழைத் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பள்ளத்தில் விழுந்து எழும்போது கார் துள்ளும். துள்ளும்போது டயருக்குத் தரையில் பிடி இல்லை. பக்கவாட்டில் நகர்ந்துவிடும்.

ஆகவே ஹேண்ட் பிரேக்கும் வேண்டும், கியரும் வேண்டும், பட்டையும் வேண்டும். ஒன்று இருக்கிறது என்று இன்னொன்றை விடக்கூடாது.

முன்பாரம், பின்பாரம்

கட்டுவதற்கு முன்னால் இன்னொரு காரியம் உண்டு. காரை டிரெய்லரில் எந்த இடத்தில் நிறுத்துவது?

நம் ஊர் மாட்டு வண்டிக்காரருக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மூட்டை ஏற்றியதும் அவர் நுகத்தடியைத் தூக்கிப் பார்ப்பார். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து அழுந்தும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும். கழுத்துக் கயிறு மாட்டை இறுக்கும். அதனால் கொஞ்சம் முன்பாரம் இருக்கும்படி மூட்டையை நகர்த்துவார்.

டிரெய்லருக்கும் இதே கணக்குத்தான்!

இழுக்கும் வண்டிதான் இங்கே மாடு. கொக்கி மாட்டும் இடம்தான் நுகத்தடி. டிரெய்லரும் காரும் சேர்ந்த மொத்த எடையில் 100-க்கு 10 முதல் 15 பங்கு அந்தக் கொக்கியின்மீது அமர வேண்டும். டிரெய்லர் 600 கிலோ, கார் 1,200 கிலோ என்றால் மொத்தம் 1,800 கிலோ. கொக்கியின்மீது 180 முதல் 270 கிலோ வரை பாரம் இருக்கலாம்.

பின்பாரமானால் டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும். வேகம் கூடக் கூட ஆட்டமும் கூடும். கடைசியில் இழுக்கும் வண்டியையே சாலையை விட்டுத் தள்ளிவிடும். முன்பாரம் மிஞ்சினாலும் ஆபத்துதான். இழுக்கும் வண்டியின் பின்பக்கம் அழுந்தி, முன் சக்கரம் லேசாகிவிடும். ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது.

காரில் எடை மிகுந்த பாகம் என்ஜின். பெரும்பாலான கார்களில் அது முன்னால் இருக்கிறது. ஆகவே காரின் முகம் முன்னால் இருக்கும்படி ஏற்றி, சிறிது முன்னும் பின்னும் நகர்த்திச் சரியான இடத்தில் நிறுத்துகிறார்கள். பாட்டரியில் ஓடும் மின்சாரக் கார்கள் இப்போது வந்துவிட்டன. பாட்டரியின் எடையால் அவை அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிடக் கனமாக இருக்கும். பழைய கணக்கை வைத்துக்கொண்டு அதை ஏற்றக்கூடாது.

ஏற்றும்போது எச்சரிக்கை

டிரெய்லரைத் தனியாக நிறுத்திவிட்டுக் காரை ஏற்றக்கூடாது. முதலில் இழுக்கும் வண்டியில் மாட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கார் பின்னால் ஏறியதும் டிரெய்லரின் மூக்கு வானத்தைப் பார்க்கும்!

மேடு பள்ளம் இல்லாத கெட்டித் தரையில் நிறுத்த வேண்டும். டிரெய்லர் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். தேரோட்டத்தைப் பாருங்கள். அத்தனை பேர் வடம் பிடித்தாலும், சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டை வைத்திருப்பவர்தான் தேரை நிறுத்துகிறவர். அவருடைய கவனம் ஒரு கணம் சிதறக்கூடாது. இங்கேயும் அப்படியே.

காரை ஏற்றுகிறவர் ஊர்ந்துதான் ஏற்ற வேண்டும். ஓடாத காரானால் வின்ச் போட்டுக் கம்பி வடத்தால் இழுக்கிறார்கள். அப்போது காரின் பின்னால் யாரும் நிற்கக்கூடாது. கம்பி வடத்துக்கு நேராகவும் நிற்கக்கூடாது. வடம் அறுந்தால் சாட்டைபோல் திரும்பி வீசும். வேடிக்கை பார்க்க வரும் சிறுவர்களை முதலில் விலக்க வேண்டும்.

ஏறியதும் என்ஜினை நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கண்ணாடிகளை ஏற்றி, கதவைப் பூட்ட வேண்டும்.

எதில் கட்டுவது?

இதுதான் முக்கியம்.

கண்ணில் பட்ட இடத்தில் கொக்கியை மாட்டிவிடுகிறவர்கள் உண்டு. பம்பரில் மாட்டுவார்கள். அது பிய்ந்து வரும். பிரேக் எண்ணெய்க் குழாயின் மேலே பட்டையைப் போட்டு இறுக்குவார்கள். குழாய் நசுங்கும். ஊருக்குப் போன பிறகு காரை எடுத்து ஓட்டுகிறவருக்குப் பிரேக் பிடிக்காது! ஸ்டீயரிங் தண்டில் கட்டினால் அது வளைந்துவிடும். கட்டியவர் எங்கோ இருப்பார். ஆபத்து வேறொருவர் தலையில் விழும்.

சிறந்த இடம் சக்கரம்தான்.

காரணம் இருக்கிறது. காரின் உடல் ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. உடலில் பட்டையைக் கட்டினால், வண்டி குலுங்கும்போது ஸ்பிரிங் அமுங்கும். அப்போது பட்டை தொளதொளவென்று தளரும். மறு நொடி கார் மேலே எழும். பட்டை 'வெடுக்'கென்று இழுபடும். தளர்ச்சி, வெடுக்கு, தளர்ச்சி, வெடுக்கு. இப்படி நூறு கிலோ மீட்டர் போனால் எந்தக் கொக்கிதான் நிற்கும்?

சக்கரம் அப்படியல்ல. அது தரையிலேயே இருக்கிறது. டயரின்மீது பட்டையைப் போட்டு, முன்னும் பின்னும் டிரெய்லர் தரையில் உள்ள வளையத்தில் மாட்டி இறுக்கினால், சக்கரம் அசையாது. காரின் உடல் தன் ஸ்பிரிங்கில் சுகமாக ஆடிக்கொண்டு போகும்.

நாலு சக்கரத்துக்கும் நாலு பட்டை. முன் பட்டைகள் காரை முன்னே இழுத்துப் பிடிக்க, பின் பட்டைகள் பின்னே இழுத்துப் பிடிக்க வேண்டும். எந்தப் பக்கம் நகரப் பார்த்தாலும் ஒரு பட்டை "நில்!" என்று சொல்ல வேண்டும். அமெரிக்க விதி முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று கட்டாயப்படுத்தவில்லை; முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்பதே குறைந்த அளவு. ஆனால் அனுபவமுள்ளவர்கள் நாலுக்குக் குறைவதில்லை. ஒன்று அறுந்தாலும் மூன்று மிஞ்சுமல்லவா?

பட்டைக்கும் ஆயுள் உண்டு

இந்தப் பட்டை பாலியெஸ்டர் நூலால் நெய்தது. அதை இறுக்கப் பல்சக்கரம் வைத்த கைப்பிடி உண்டு. ராட்செட் என்பார்கள். கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் பட்டை சுருண்டு இறுகும். பல்சக்கரம் பின்வாங்காது.

பட்டையில் ஒரு சீட்டுத் தைத்திருக்கும். எவ்வளவு பாரம் தாங்கும் என்று அதில் அச்சிட்டிருக்கும். அறுந்துபோகும் பாரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வேலைக்குரிய பாரம். 3,000 கிலோவில் அறுகிற பட்டையை 1,000 கிலோவுக்குமேல் நம்பக்கூடாது.

சீட்டு இல்லாத பட்டை, ஓரம் வெட்டுப்பட்ட பட்டை, நூல் பிரிந்த பட்டை, வெயிலில் வெளுத்து விறைத்த பட்டை ஆகிய எதுவும் ஆகாது. முடிச்சுப் போட்டுக் கட்டுவதும் கூடாது. முடிச்சு விழுந்த இடத்தில் பட்டையின் பலம் குறைந்துவிடும். கூரான இரும்பு விளிம்பில் பட்டை உரசினால் நடுவே தடித்த ரப்பரோ உறையோ வைக்க வேண்டும்.

பழைய பட்டையைத் தூக்கி எறிய மனம் வராது. "இன்னும் ஒரு தடவை வரும்" என்று தோன்றும். அந்த ஒரு தடவைதான் அது அறுகிற தடவை!

கடலில் ஒரு சோதனை

பட்டையின் பெருமையை உலகம் பார்த்த சம்பவம் ஒன்று உண்டு.

2006-ஆம் ஆண்டு ஜூலை மாதம். ஜப்பானிலிருந்து கூகர் ஏஸ் என்ற கப்பல் வட அமெரிக்காவுக்குப் புறப்பட்டது. உள்ளே 4,703 மஸ்டா கார்கள்! அலாஸ்காவை அடுத்த அலூஷியன் தீவுகளுக்குத் தெற்கே வந்தபோது, கப்பலின் அடித்தொட்டியில் உள்ள தண்ணீரை மாற்றினார்கள். எதிர்பாராமல் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கொஞ்சநஞ்சமல்ல. 60 டிகிரி அளவுக்குச் சாய்ந்து, படுத்துவிட்டதுபோல் மிதந்தது!

கப்பலில் இருந்த 23 பேரும் ஹெலிகாப்டரில் காப்பாற்றப்பட்டார்கள். பிறகு கப்பலை மீட்க நிபுணர்கள் உள்ளே இறங்கினார்கள். தரை சுவராகிவிட்டது. அந்தச் சுவரில் கார்கள் வரிசையாக வௌவால்போல் தொங்கிக்கொண்டிருந்தன. பெரும்பாலானவை கட்டிய இடத்திலேயே இருந்தன! பிடித்துக்கொண்டிருந்தவை பட்டைகள்தான்.

அந்த மீட்புப் பணியில் நிபுணர் ஒருவர், சாய்ந்த தளத்தில் வழுக்கி விழுந்து உயிரிழந்தார். கப்பல் நிமிர்த்தப்பட்டது. கார்களை விற்பதில்லை என்று கம்பெனி முடிவு செய்து, 4,703 கார்களையும் உடைத்துப் போட்டது. அத்தனை நாள் சாய்ந்து கிடந்த கார்களில் என்ன கோளாறு ஒளிந்திருக்கிறதோ, யார் கண்டது?

சென்னை வெள்ளத்தில்

2015 டிசம்பரில் சென்னையில் பெருவெள்ளம் வந்தது. ஆயிரக்கணக்கான கார்கள் நீரில் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும், காரைக் கண்டவுடன் சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்யக் கை துடிக்கும். "செய்யாதீர்கள்!" என்று கார் கம்பெனிகள் எச்சரித்தன. என்ஜினுக்குள் தண்ணீர் இருந்தால், ஸ்டார்ட் செய்ததும் உள்ளிருக்கும் தண்டே வளைந்துவிடும்.

அப்போது கைகொடுத்தவை கார் சுமக்கும் வண்டிகள்தான். சேறும் சகதியுமான கார்களை மேடையில் இழுத்தேற்றிக் கட்டி, ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோயின.

உங்கள் காரை அப்படி ஏற்ற நேர்ந்தால், பக்கத்தில் நின்று பாருங்கள். நாலு சக்கரத்திலும் பட்டை விழுந்ததா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. மின்சாரக் காரானால், நாலு சக்கரமும் மேடைமீது ஏறத்தான் வேண்டும். மோட்டாரோடு இணைந்த சக்கரத்தைத் தரையில் உருளவிட்டு இழுத்தால், உள்ளே மின்சாரம் உண்டாகி மோட்டார் கெடலாம்.

புறப்பட்ட பின் ஒரு நிறுத்தம்

கட்டி முடித்ததும் வேலை முடிந்துவிடவில்லை. ஓட்டத்தில் டயர் அமரும்; பட்டை சற்று நெகிழும். அமெரிக்க லாரி டிரைவர்களுக்கு விதியே உண்டு. புறப்பட்டு 80 கிலோ மீட்டருக்குள் ஒரு தடவை நிறுத்திக் கட்டைச் சோதிக்க வேண்டும். அதன் பிறகு 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை, அல்லது 240 கிலோ மீட்டருக்கு ஒரு தடவை, எது முதலில் வருகிறதோ அப்போது சோதிக்க வேண்டும்.

டிரெய்லரை மாட்டிய கொக்கியையும் அப்போதே பார்க்க வேண்டும். கொக்கிக்குத் துணையாக இரண்டு சங்கிலிகள் உண்டு. அவற்றைக் கொக்கிக்குக் கீழே குறுக்காக மாட்ட வேண்டும். கொக்கி கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல், தொட்டில்போல் அந்தச் சங்கிலிகள் தாங்கிக்கொள்ளும்.

ஓடும்போது டிரெய்லர் பாம்புபோல் நெளியத் தொடங்கினால்? பதறிப்போய் பிரேக்கை அழுத்தக்கூடாது. ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பக்கூடாது. வேகத்தைக் கூட்டவும் கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தால் வேகம் குறையும், ஆட்டமும் அடங்கும். பிறகு ஓரமாக நிறுத்தி, பாரத்தை முன்னால் நகர்த்திக் கட்ட வேண்டும்.

பின்னால் வருகிறவர்களே!

இன்னொரு சொல், சாலையில் போகும் மற்றவர்களுக்கு.

கார் ஏற்றிய வண்டியின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். வேடிக்கை பார்க்க நெருங்காதீர்கள். நல்ல இடைவெளி விட்டுப் போங்கள். பட்டை தொங்குவதைக் கண்டால், ஹார்ன் அடித்து டிரைவருக்குச் சைகை காட்டுங்கள். அந்த ஒரு சைகை ஒரு குடும்பத்தைக் காப்பாற்றலாம்.

இரவு நேரத்தில் சாலையோர டீக்கடையில் இப்படி ஒரு வண்டி வந்து நிற்கும். டிரைவர் இறங்குவார். நல்ல டிரைவரானால் நேராக டீக்குப் போகமாட்டார். கையில் டார்ச் விளக்கோடு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றுவார். ஒவ்வொரு பட்டையையும் உள்ளங்கையால் தட்டுவார். இறுகிய பட்டை தவில் தோல்போல் 'டக்'கென்று சொல்லும். தளர்ந்த பட்டை பேசாது.

பேசாத பட்டையை இறுக்கிவிட்டுத்தான் அவர் டீ குடிப்பார். அதற்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது!